காவலூரில் அம்மா சனியைப் பார்த்தார். உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

செம்பனைக்காரி, சுங்கை சிப்புட், மலேசியா

2025 டிசம்பர் விடுமுறை. சென்னையில் கல்யாணம், அப்படியே வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வகம். மலை என்றதும் கேமரன் மலையை நினைக்காதீர்கள், ஜவ்வாது மலையில் 725 மீட்டர்தான். பெரிய 2.34 மீட்டர் தொலைநோக்கியில் நாம் கண் வைக்க முடியாது, தெரிந்ததுதானே. வெளியே சின்னத் தொலைநோக்கிக்கு வரிசை. சனிக்கிழமை, காட்டியதும் சனி!

அம்மா முப்பது வருடம் இருட்டோடு பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) போய்ப் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். கோயிலில் சனீஸ்வரனுக்கு நேர் எதிரே நிற்கவே மாட்டார். அங்கேயும் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, கழுத்தை மட்டும் நீட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். வெகு நேரம். பிறகு சத்தமாகவே, “இத்தனூண்டா? இதுக்கா ஏழரை வருசம் எள் விளக்குப் போட்டேன்?” என்றார்.

வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அடுத்ததைக் காட்டக் கூப்பிட்டார்கள், அம்மா வரவில்லை, வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். ஊர் திரும்பிய முதல் சனிக்கிழமையே விளக்குப் போட்டார். என்னோடுதான் இரண்டு நாள் பேச்சு இல்லை. நான் பார்த்தபோது ஒரு பொட்டு, குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான்.

லாடாங் பையன்

கோடா? போகஸ் சரியாக வைத்திருக்க மாட்டார்கள் அக்கா. 2017 ஜூனில் அதே இடத்தில் நான் பார்த்தபோது வளையம் தொப்பி விளிம்பு மாதிரி அகலமாக இருந்தது. பார்க்கப் பார்க்க ஓரத்துக்கு நகர்ந்து காணாமலே போனது. பின்னால் நின்றவர் தொலைநோக்கியைத் தட்டிவிட்டார் என்று சண்டைக்குப் போய்விட்டேன். பூமி சுற்றுகிறது தம்பி என்றார் அந்த மனிதர். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

பழைய கிராணி

போகஸ் மேல் பழி போடாதீர்கள் தம்பி. சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29½ வருடம். அதன் வளையம் சாய்ந்தது. ஒரு சுற்றில் இரண்டு முறை நமக்கு விளிம்பை மட்டும் காட்டும். 2017இல் அகலத் திறந்திருந்தது, 2025 மார்ச்சில் கத்தி முனை. இடையில் எத்தனை வருடம்? ஏழரை! ஜோசியத்து ஏழரையும் மூன்று ராசிக் கணக்கு, அதாவது வட்டத்தில் கால் பங்கு. அகலத் திறந்த வளையம் மூடவும் அதே கால் பங்குதான். மறுபடி 2032இல் திறக்கும்.

கோடை போனவள்

எனக்குப் பகலில் நடந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம், 1899இல் தொடங்கியது, 1909இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்த இடம். இருட்டறையில் சூரியனின் பிம்பம் விழுந்திருந்தது. அதிலிருந்த புள்ளியைத் தூசி என்று நினைத்து மகன் துடைக்கப் போனான். புள்ளி அவன் புறங்கையில் ஏறிக்கொண்டது.

சரி, காவலூர் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முழு நிலா வாரம் வேண்டாம், நிலா வெளிச்சத்தில் பாதி வானம் அழிந்துவிடும். இரவில் பார்வையாளருக்குத் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும், அதுவரை கைப்பேசியைத் தொடாதீர்கள். டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை இறுக்கி மூடாதீர்கள், உள்ளங்கையால் மறைத்தால் போதும். வயதானவர்களுக்கு ஒரு முக்காலி, ஒரு சால்வை. சாப்பாட்டை வாணியம்பாடியிலேயே முடித்துவிடுங்கள். இவ்வளவு தூரம் எதற்கு என்பவர்களுக்கு நம் லங்காவியிலேயே, புக்கிட் மாலுட்டில், தேசிய வானாய்வகம் இருக்கிறது.

செம்பனைக்காரி

யாரும் டிப்ஸ் கேட்கவில்லையே அக்கா! ஆனால் முக்காலி நல்ல யோசனை.

கிராணி ஐயா, உங்கள் கணக்கை நேற்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

“அப்போ நான் பார்த்தது மூடினதா?”

“ஆமாம்மா.”

“அதான்” என்று சொல்லிவிட்டு எள் புடைக்கப் போனார்.