மறு: தரவுச் சுரங்கமா, தரவகழ்வா?

> ‘தரவுச் சுரங்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

வணக்கம். திரண்ட தரவில் பயனுள்ள பாங்குகளை (பேட்டர்ன்) தேடும் ‘டேட்டா மைனிங்’குக்குத்தான் பெயர் தேடுகிறோம். சுரங்கம் இடத்தின் பெயர். நமக்கு வேண்டியது செயலின் பெயர். ‘சுரங்கம் செய்தான்’ என்று யாரும் எழுதமாட்டார்கள், ‘அகழ்ந்தான்’ என்பார்கள். ஆகவே தரவகழ்வு. உரையகழ்வு, வலையகழ்வு எல்லாம் இதிலிருந்து தானே கிளைக்கும். ‘அகழாய்வு’ தொல்லியலுக்குப் போய்விட்டது, அதை விட்டுவிடலாம். ‘தரவுப் பிரித்தெடுப்பு’ம் வேண்டாம்: ஒரு தரவுத்தளத்திலிருந்து உருவி இன்னொன்றில் ஏற்றும் வேலைக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

தரவு அறிவியல் முழுவதற்கும் இதையே பெயராக்கிவிடவும் கூடாது. தரவிலிருந்து அறிவைக் கண்டெடுக்க ஆய்வாளர் ஃபய்யாத் முதலானோர் 1996இல் வகுத்த வரிசை: தெரிவு, முன்செயலாக்கம், உருமாற்றம், அகழ்வு, மதிப்பீடு. அகழ்வு நான்காம் படி மட்டுமே. முடிவு மரம் (கேள்வி கேள்வியாகக் கிளைத்து முடிவெடுப்பது), கொத்தாக்கம் (ஒத்தவற்றைக் குழுவாக்குவது) போன்ற இயந்திரக் கற்றல் முறைகள் இங்கும் பயன்படும். ஆனால் கற்றலில் முதல் கேள்வி, காணாத தரவில் கணிப்பு சரியா என்பது. அகழ்வில், ஆள் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க பாங்கு ஏதும் சிக்கியதா என்பது. (எல்லைக்கோடு மங்கலானதுதான்.)

> சப்போர்ட், கான்ஃபிடன்ஸ், லிஃப்ட்: ஆதரவு, நம்பிக்கை, தூக்கல் என்று போட்டிருக்கிறேன்.

எந்தப் பொருளோடு எது சேர்ந்து வாங்கப்படுகிறது என்ற விதிகளை அளக்கும் எண்கள் இவை. மூன்றுமே இடிக்கிறது. 1000 பில்களில் பால் 900இல், பேட்டரி 100இல், இரண்டும் சேர்ந்து 85இல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘பேட்டரி வாங்கினால் பால்’ என்ற விதிக்கு சப்போர்ட் 85/1000, அதாவது 8.5%. இதில் ஆதரவு எங்கே வந்தது? சேர்ந்து வரும் விகிதம்தானே, ‘உடன்வரவு’ போதும்.

கான்ஃபிடன்ஸ், அதாவது பேட்டரி உள்ள பில்களில் பாலும் இருக்கும் பங்கு, 85/100 = 85%. ‘நம்பிக்கை 85%’ என்று எழுதினால் படிப்பவர் விதியை நம்பிவிடுவார். பாலோ எப்படியும் 90% பில்களில் இருக்கிறது. பேட்டரி வாங்கியவர்களிடையே அது குறைகிறது! அந்த 85%ஐப் பாலின் பொதுவான 90%ஆல் வகுத்தால் லிஃப்ட்: 0.85/0.90, ஏறத்தாழ 0.94. ஒன்றுக்குக் கீழே போனால் விதி எதிர்த்திசையில் என்று பொருள். போதாததற்கு, புள்ளியியலின் ‘நம்பிக்கை இடைவெளி’யோடும் (கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்) குழப்பம். ‘தொடர்வரவு’ என்கிறேன்.

லிஃப்டுக்கு ‘மிகைமடங்கு’ எண்ணினேன், 0.94ஐ மிகை என்பது எப்படி? ‘ஒப்புமடங்கு’ பரவாயில்லை.

> ‘தொடர்வரவு’ காலவரிசையைச் சுட்டுகிறதே. ஒரே பில்லில் முன்னது பின்னது கிடையாது. வரிசைப் பாங்குகளை அகழும்போது அந்தச் சொல் வேண்டும்.

சரியான தடை, ஒப்புக்கொள்கிறேன். நிபந்தனையைச் சார்ந்த வரவு என்பதால் ‘சார்வரவு’ என்று மாற்றிக்கொள்ளலாம். ஒப்புமடங்குக்கு இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.