மிக்-21 ரெசின் காக்பிட்: மழைக்காலத்துக்கு எந்தப் பசை?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் விமான மாடல் செய்யுற நண்பர்களே, ஒரு உதவி வேணும்.

1/72 அளவு (நிஜத்துல 72-ல ஒரு பங்கு) மிக்-21 போர் விமான பிளாஸ்டிக் கிட், அதுக்குள்ள வைக்கத் தனியா வாங்குன ரெசின் (வார்ப்புப் பிசின்) காக்பிட், அதாவது விமானி அறை. பசை போடாம வச்சுப் பார்த்தா உடல் பாதி ரெண்டும் மூடல. அரை மில்லிமீட்டர் இடைவெளி. ரெசின் பக்கத்துல சுரண்டுனா நுணுக்க வேலைப்பாடு அழிஞ்சிடும்கிறதால பிளாஸ்டிக் சுவரைத்தான் உள்ளேயிருந்து சுரண்டணும். எவ்வளவு மெலிசாக்கலாம்? பேனல் கோடு (தகடு இணைப்பைக் காட்டுற பள்ளக் கோடு) இருக்குற இடத்துல ஓட்டை விழுந்தா வேலை கெட்டுது.

அடுத்து பசை. பிளாஸ்டிக் சிமெண்ட் ரெசினைப் பிடிக்காது. சூப்பர் குளூ ஆவி இந்த ஈரக்காத்துல கேனபி (விமானி அறையோட கண்ணாடி மாதிரி மூடி) மேல வெள்ளையாப் படிஞ்சிடுது. 5 நிமிஷத்துல இறுகுற ரெண்டு டியூப் எபாக்ஸி இங்க எந்தக் கடையில கிடைக்கும்? கேனபிக்கு வெள்ளை ஃபெவிகால் தாங்குமா?

மூக்குல எடையும் வைக்கணும், இல்லேன்னா வால் தரையில உக்காந்துடும். குளச்சல்ல தூண்டில் ஈயக்குண்டு பொடிசா கிடைக்குமா?