சிவப்பு ரோஜா: இதழ் எண்ணிக்கையை வைத்து ரகம் சொல்ல முடியுமா?

பெயர்ச்சீட்டு இல்லாத அடர்சிவப்பு ரோஜா, நல்ல வாசனை. மிஸ்டர் லிங்கனா, ஓக்லஹோமாவா, பாப்பா மெய்லாண்டா என்று உறுதி செய்ய உதவுங்கள். மூன்றுக்கும் தாய் தந்தை ஒன்றே: கிரைஸ்லர் இம்பீரியல், சார்லஸ் மலேரின் என்ற ரோஜா ரகங்கள். அதனால் நிறமும் வாசனையும் மட்டும் போதாது.

பாதி விரிந்த ஐந்து பூக்களில் வெளி அடுக்கிலிருந்து இதழ்களைப் பிய்த்து, பத்துப் பத்தாக அடுக்கி எண்ணியதில் பூவுக்கு 33 முதல் 37 வரை. நடுவில் மகரந்தத் தாள் பாதி இதழாக மாறி, ஓரத்தில் மஞ்சள் பை ஒட்டியபடி நாலைந்து சுருண்டு கிடக்கின்றன. இவற்றைத் தனியாகத்தான் குறித்திருக்கிறேன். சேர்த்தால் சில பூக்களில் கணக்கு நாற்பதைத் தாண்டிவிடும்.

மொட்டு உருவாகும்போது வெயில் கடுமையாக இருந்தால் இதழ் குறையும். இது மே மாதக் கணக்கு. இந்த ரகங்களை வளர்ப்பவர்கள் மார்கழிப் பூவின் எண்ணிக்கையையும் மொட்டின் வடிவத்தையும் சொல்லுங்கள்.