தெருநாய்க்குச் சோறு வைக்க எந்த இடம்: தென்கடல் மணலா, ஊருணிக் கரையா, கருவேலங்காடா?

ஊருணிக்கரை:
மண்டபம் பக்கம் இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிற நம் வார்டில் இந்தப் பேச்சு சூடாகிவிட்டது. வெளியூரில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ளட்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று தில்லி தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், நாய்களுக்குச் சோறு வைக்க வார்டுக்கு வார்டு தனி இடம் ஒதுக்க வேண்டும், கண்ட தெருவில் வைக்கக் கூடாது என்றது. அதிலிருந்து நம் ஊரிலும் இடம் தேடுகிறார்கள். மூன்று இடங்கள் பேச்சில் இருக்கின்றன. தென்கடல் கரையில் ஏலக்கூடத்துக்கு மேற்கே உள்ள மணல். ஊருணியின் வடகரை. ஊருக்கு வெளியே பழைய உப்பளத்தை ஒட்டிய சீமைக்கருவேலங்காடு.

நான் தென்கடல் மணலுக்கு ஆதரவு. ஊருணி வேண்டவே வேண்டாம். எங்கே தோண்டினாலும் உவர்ப்புத் தண்ணீர் வருகிற ஊர் இது. எச்சில் சோறும் நாய்க் கழிவும் கரையில் கிடந்தால் முதல் மழையிலேயே எல்லாம் தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

ஆமைக்காவல்:
அண்ணே, ஊருணி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் தென்கடல் மணலைத் தொடாதீர்கள். தை பிறந்தால் பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிட ஏறுவது அந்த மணலில்தான். ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும். வனத்துறை ஆட்கள் ராத்திரியில் கரை நெடுக நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாத குழி விடிவதற்குள் நாய்க்குப் போய்விடும். காலையில் போய்ப் பாருங்கள். ஆமை ஏறிய தடம் டிராக்டர் டயர் தடம் மாதிரி அலையிலிருந்து மேலே வந்திருக்கும். தடம் முடிகிற இடத்தில் மணல் வாரி இறைபட்டு, ஈரத்தோல் போல மெத்தென்ற வெள்ளை ஓடுகள் சுருண்டு கிடக்கும். மஞ்சள் கரு மணலில் ஊறி எறும்பு மொய்க்கும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. அந்த இடத்திலேயே நாய்க்குப் பந்தி வைக்கலாம் என்கிறீர்களா?

விசைப்படகு:
தம்பி, நாய் இப்போதே அங்கேதான் கிடக்கிறது. நாங்கள் யாரும் கூப்பிட்டு வரவில்லை. சங்காயம், அதாவது சாப்பாட்டுக்கு விலை போகாத கழிவு மீன், காயப்போடுகிற மணல் அது. காரலும் சூடையும் கொட்டிக் கிடக்கும்போது நாய் வேறு எங்கே போகும்? ராத்திரியில் வலைக்கும் இன்ஜினுக்கும் அதுகள்தான் காவல். அங்கேயே ஒழுங்காகச் சோறு வைத்தால் வயிறு நிறைந்து படுத்துக்கொள்ளும். பசித்த நாய்தானே குழி தோண்டும்.

ஆமைக்காவல்:
வயிறு நிறைந்த நாயும் தோண்டும் அண்ணே. முட்டை வாடை அடித்தால் அது பசியைப் பார்ப்பதில்லை. தினமும் ஒரே நேரத்தில் சோறு கிடைத்தால் இன்னும் பத்து நாய் அங்கே வந்து சேரும், குட்டியும் அங்கேயே போடும். இன்னொன்றையும் யோசியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு போகாது, சங்காயமும் குறைந்துவிடும். முட்டை பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிறது, அதனால் பங்குனியில் இட்ட முட்டை மே மாதத்திலும் மணலுக்குள் இருக்கும். நாய்க்குப் பசி அதிகமான நேரமும் குஞ்சு வெளியே வருகிற நேரமும் ஒன்றாகவே வருகின்றன.

விசைப்படகு:
தடைக்காலத்தில் அதுகள் பசியோடு ஊருக்குள் வருவதை நானும் பார்க்கிறேன். அதனால்தான் அந்த இரண்டு மாதமாவது கரையிலேயே சோறு போடச் சொல்கிறேன். போடாவிட்டால் எல்லாம் தெருவுக்குத்தான் வரும். அப்புறம் பிள்ளைகளைக் கடித்தால் யார் பதில் சொல்வது?

மேலத்தெரு அம்மா:
அண்ணே, நீங்கள் சொல்கிற அந்தக் கடி என் வீட்டில் நடந்தது. என் சின்னவனை ரேஷன் கடை வாசலில் கெண்டைக்காலில் கடித்தது. குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மஞ்சள் பூசச் சொன்னார்கள், நான் விடவில்லை. அன்றே ஒரு ஊசி, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று பேருந்தில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இப்போதும் நாய் குரைத்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறான். எனக்கு ஆமையும் வேண்டும், நாயும் பசியாறட்டும். ஆனால் அது ஊருக்குள் வேண்டாம். கருவேலங்காட்டில் வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கிடைக்காரர்:
எனக்குத்தான் தாயி நஷ்டம். கோடையில் புல் கருகிய பிறகு என் ஆடுகள் தின்பது அந்தக் காட்டுக் கருவேல நெற்றுதான். நாய்க்கூட்டம் அங்கே கூடிவிட்டால் குட்டி ஆடு ஒன்றுகூட மிஞ்சாது. போன வருசம் கிடைக்குள் புகுந்து கடித்துப் போட்டதே, ஊரே வந்து பார்த்தீர்கள். கடைசி வரை எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை. ஆளில்லாத காட்டில் சோறு தின்று பழகிய நாய் ஆட்டைத்தான் துரத்தும்.

கால்நடை ஓய்வு:
கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று இடமும் சரியில்லை.

நாய்க்குத் தன் எல்லை உண்டு. மேலத்தெரு நாயை இரண்டு கிலோமீட்டர் தள்ளி உப்பளத்தில் சோறு தின்ன வா என்றால் வராது. பிடித்துக்கொண்டு போய் விட்டால் அங்குள்ள நாய்களோடு சண்டை போடும், இல்லாவிட்டால் திரும்பி வரும். அது திரும்பாவிட்டாலும் குப்பையும் மீன் கழிவும் இருக்கிற தெருவுக்குப் புது நாய் வந்து சேரும். அந்தப் புது நாய் ஊசி போடாத நாயாக இருக்கும். அம்மா, உங்கள் பிள்ளைக்கு ஆபத்து அதனிடம்தான் அதிகம்.

2023இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் சோறு வைக்கும் இடம் பற்றித் தெளிவாகவே இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் கூடாது. குழந்தைகளும் வயதானவர்களும் அதிகம் நடமாடாத நேரமாகப் பார்த்து வைக்க வேண்டும். வைத்தவரே இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். 2025 நவம்பர் 7 அன்று வந்த உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் நாயே இருக்கக் கூடாது. இதெல்லாம் போக நம் வார்டில் மிஞ்சுவது வடகடல் பக்கம் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் உள்ள புறம்போக்கு. அந்தக் கரை சேறும் கடற்புல்லும்தான், ஆமை ஏறுகிற மணல் கிடையாது.

சோறு வைக்கிற அக்கா:
ஐயா சொல்கிற இடம் எனக்குச் சம்மதம், ஆனால் ஒரே இடம் போதாது. நான் தினமும் வைக்கிறவள், அதனால் சொல்கிறேன். கீழத்தெரு நாய்களும் ஐஸ் கம்பெனி நாய்களும் ஒரே தட்டுக்கு வந்தால் கழுத்தைக் கவ்விக்கொள்ளும், நடுவில் போகிறவர்களுக்கும் கடி விழும். கீழத்தெருவின் முடிவில் இடிந்த உப்புக் கிட்டங்கிக்குப் பின்னால் இன்னொரு இடம் வேண்டும். மேலத்தெருவிலிருந்து இரண்டுமே தள்ளித்தான் இருக்கின்றன. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு வைப்பேன், தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுவேன். சோறு வைக்கிற கைக்குத்தான் அதுகள் வரும், அதனால் ஊசி போடவும் கருத்தடைக்கும் பிடித்துத் தர என்னால் முடியும். கருத்தடை செய்த அடையாளமான காது வெட்டு இல்லாத பெட்டைகள் எவை என்று எனக்குத் தெரியும்.

விசைப்படகு:
ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் நெத்திலி காயப்போடுகிறார்கள். அங்கே நாயைச் சேர்த்தால் கருவாட்டை யார் வாங்குவார்கள்? ஆமைக்காக எங்கள் மணல் வேண்டாம் என்றீர்கள், சரி. அதற்காகப் பெண்கள் பிழைப்பில் கைவைக்காதீர்கள்.

ஆமைக்காவல்:
கருவாட்டுக் களத்துக்கு வேலி கேட்போம் அண்ணே. கம்பி வலை போட்டு, தரையிலிருந்து உயர்த்திப் பரண் கட்டித் தரச் சொல்வோம். மணல் ஒட்டாத கருவாட்டுக்கு விலையும் கூடக் கிடைக்கும். சங்காயத்தைக் கண்ட இடத்தில் கொட்டுவதும் நிற்க வேண்டும். தென்கடல் மணலில் தீனி குறைந்தால்தான் நாய் அங்கிருந்து விலகும்.

மேலத்தெரு அம்மா:
இரண்டு இடத்துக்கும் சம்மதிக்கிறேன், ஆனால் முதலில் ஊசியும் கருத்தடையும் நடக்கட்டும். அதன் பிறகு தட்டு வையுங்கள்.

கால்நடை ஓய்வு:
நியாயம்தான் அம்மா. ஆனால் பட்டினி போட்டுவிட்டுப் பிடிக்கப் போனால் ஒன்றும் கையில் சிக்காது. அக்கா தட்டு வைக்க, அதே இடத்தில் ஊசி போட, இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். பத்தில் ஏழு நாய்க்காவது வெறிநோய் ஊசி போட்டால்தான் நோய் பரவுவது நிற்கும், அதையும் விடாமல் போட்டுவர வேண்டும். நாலு நாய்க்குப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவது உதவாது.

விசைப்படகு:
வேலி முதலில் வரட்டும். எழுத்தில் தராமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

ஊருணிக்கரை:
தென்கடல் மணலை என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். வார்டுக் கூட்டத்துக்கான மனுவில் நான்கு விஷயங்கள் எழுதுகிறேன்: ஐஸ் கம்பெனிப் புறம்போக்கு, கிட்டங்கிப் பின்புறம், களத்துக்கு வேலியும் பரணும், தடைக்காலத்துக்கு முன்பே ஊசியும் கருத்தடையும். கிடைக்காரரின் ஆட்டுக்கு நஷ்டஈடு கேட்டுத் தனி மனு. விசைப்படகு அண்ணே, வேலி எத்தனை அடி நீளம் வேண்டும் என்று வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள், அளவோடு எழுதினால்தான் மதிப்பீடு போடுவார்கள்.