வாய் திறந்தா டக்குனு சத்தம், தாடை மூட்டு வலி. பல்லுக்கு கம்பி போட்டா சரியாகுமா?

ஈரோடு_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 31, ஸ்கூல்ல வேலை, நாள் முழுக்க பேசிட்டே இருக்கணும். காலேஜ் படிக்கறப்ப இருந்தே வாயை பெருசா திறந்தா இடது பக்கம் காதுக்கு முன்னாடி டக்குனு சத்தம் வரும், வலி இல்லங்கறதால விட்டுட்டேன். தீபாவளி சமயத்துல முறுக்கு தட்டைன்னு சாப்பிட்டதுக்கு அப்புறம் வலி ஆரம்பிச்சுது, இன்னும் போகல. காலைல எந்திரிச்சா தவடை இறுகிப் போயிருக்கு, காதுக்குள்ள குத்துது, பொட்டுல தலைவலி. காது டாக்டர்கிட்ட போனேன், காது சுத்தமா நல்லா இருக்குன்னுட்டாரு. அப்புறம் ஒரு பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துட்டு கடைவாய்ப் பல்லை எடுக்கணும்னாரு, இன்னொருத்தர் உங்க பல்லு சேர்ற விதமே தப்பு, கம்பி போட்டு சரி பண்ணாதான் மூட்டு சரியாகும், லட்சத்துக்கு மேல ஆகும்னாரு. வீட்ல ரெண்டு குழந்தைங்க படிக்குது, அவ்வளவு பணம் போட்டும் வலி போகலன்னா என்ன பண்றது? இதுக்கு உண்மையிலயே என்ன ட்ரீட்மெண்ட், ஆபரேஷன் வரைக்கும் போகுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மதுரை_பேங்க்காரன்:
சிஸ்டர், மொதல்ல கம்பிக்கு அட்வான்ஸ் எதுவும் கட்டிடாதீங்க. எனக்கும் இதே கதை, காது வலின்னுதான் நானும் அலைஞ்சேன். கடைசில தாடை மூட்டு பார்க்கற சர்ஜன்கிட்ட போனப்பதான் கன்னத்துல விரலை வச்சு அமுக்கி, வலி இங்கதானேன்னு கேட்டாரு, அப்படியே துள்ளிட்டேன். மூட்டை விட கன்னத்து தசைதான் இறுகி இருக்கு, ராத்திரி பல்லைக் கடிக்கறீங்கன்னாரு. வீட்டுக்காரம்மாவும் ஆமா நறநறன்னு சத்தம் கேக்கும்னு சொன்னா. மெத்துனு இருக்கற சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், கொஞ்ச நாளைக்கு மட்டும் வலி மாத்திரை, பிசியோகிட்ட போய் தாடைக்கு பயிற்சி, இவ்வளவுதான் சொன்னாரு.

எனக்கு ரொம்ப கை குடுத்தது ஒரு சின்ன பழக்கம். உதடு மூடி இருக்கணும், ஆனா மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டக்கூடாது, நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாடி அண்ணத்துல லேசா தொட்டுட்டு இருக்கணும். சாப்பிடறப்ப, எச்சில் முழுங்கறப்ப தவிர மத்த நேரம் பல்லு பல்லைத் தொடவே தேவையில்லையாம். கம்ப்யூட்டர் ஓரத்துல ஒரு மஞ்சள் பேப்பர் ஒட்டி வச்சேன், அதைப் பார்க்கறப்பெல்லாம் தவடையைத் தளர்த்துவேன். கணக்கு டேலி ஆகாத நேரத்துல நான் பல்லை எவ்வளவு அழுத்திட்டு உக்காந்திருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது. பரீட்சை பேப்பர் திருத்தறப்ப உங்க பல்லு எப்படி இருக்குன்னு பாருங்க.

கோவை_மல்லி:
அக்கா நைட் கார்டு, அதான் ராத்திரி தூங்கறப்ப பல்லு மேல மாட்டிக்கற உறை, அதைப் போட்டுப் பாருங்க, ஆன்லைன்லயே கிடைக்குது, வெந்நீர்ல போட்டு கடிச்சா போதும்.

பல்டாக்டர்_எம்டிஎஸ்:
மேடம், நான் வாய் முக சர்ஜரி படிச்சவன். பார்க்காம உங்களுக்கு இதுதான்னு சொல்ல முடியாது, பொதுவா சொல்றேன்.

தாடை எலும்போட தலைக்கும் மண்டை ஓட்டுக் குழிக்கும் நடுவுல வாஷர் மாதிரி ஒரு டிஸ்க் இருக்கு. அது முன்னாடி நழுவி இருந்தா, வாய் திறக்கறப்ப எலும்புத் தலை மறுபடி டிஸ்க் மேல ஏறும், அந்த ஏற்றத்துலதான் டக்குனு சத்தம். வலி இல்லாம சத்தம் மட்டும் வர்றவங்க நிறைய பேர் இருக்காங்க, அதுக்கு வைத்தியமே வேண்டாம். சத்தத்தை நிறுத்தறதுக்காக ட்ரீட்மெண்ட் எடுக்காதீங்க, நமக்கு வேண்டியது வலி குறையணும், வாய் திறக்கணும். உங்க மூணு விரலை செங்குத்தா வச்சு வாய்க்குள்ள போகுதான்னு பாருங்க, 35லேர்ந்து 50 மில்லிமீட்டர் வரைக்கும் திறந்தா நார்மல்.

இப்ப கம்பி விஷயம். 1934ல ஜேம்ஸ் காஸ்டன்னு ஒரு அமெரிக்க காது மூக்கு தொண்டை டாக்டர், கடைவாய்ப் பல்லு போய் தாடை அளவுக்கு மேல மூடறதாலதான் காது வலியும் தலைவலியும் வருதுன்னு எழுதினாரு. அந்த எண்ணம் பல தலைமுறை பல் டாக்டருங்க மனசுல நின்னு போச்சு, பல்லை ராவறது, கேப் போடறது, கம்பி போடறதுன்னு எத்தனையோ பேருக்கு செஞ்சுட்டாங்க. மூட்டு வலிக்காக இதெல்லாம் செஞ்சா குணமாகும்னு நல்ல ஆதாரம் கிடையாது. ராவின பல்லை யாராலயும் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனாலதான் எங்கிட்ட வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன், திருப்பி எடுக்க முடியாத எதையும் முதல்ல செஞ்சுக்காதீங்க. பல்லு வரிசை அழகுக்கு கம்பி போடணும்னா போடுங்க, அது வேற கணக்கு. கடைவாய்ப் பல்லும் அதே மாதிரிதான், சொத்தையோ ஈறு வீக்கமோ இருந்தா எடுக்கலாம்.

2023ல பிஎம்ஜேங்கற பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகைல வந்த வழிகாட்டுதலும் பயிற்சி, தசையைப் பிடிச்சு விடறது, மன அழுத்தத்துக்கு கவுன்சிலிங் மாதிரியான மனநல சிகிச்சை இதைத்தான் முன்னாடி வச்சுது. நைட் கார்டை அவங்க பெருசா சிபாரிசு பண்ணல, ஆனாலும் ராத்திரி பல்லு கடிக்கறவங்களுக்கு பல்லு தேயாம இருக்க நான் கொடுக்கறேன். மல்லி சொன்ன மாதிரி ஆன்லைன்ல வாங்காதீங்க, மெத்துனு இருக்கறதை சில பேர் இன்னும் அதிகமா கடிப்பாங்க, பாதிப் பல்லை மட்டும் மூடறதை பகலும் ராத்திரியும் போட்டா பல்லே நகர்ந்துடும். அளவெடுத்து எல்லா பல்லையும் மூடற மாதிரி கெட்டியா செஞ்சதா இருக்கணும், ராத்திரி மட்டும்.

சாதா எக்ஸ்ரேல எலும்பு தெரியும், டிஸ்க் தெரியாது. அதுக்கு எம்ஆர்ஐ வேணும், ஆனா எல்லாருக்கும் உடனே தேவைப்படாது.

திருச்சி_அண்ணி:
என் கொழுந்தனுக்கு ஒரு நாள் காலைல வாயே திறக்கல, ஒரு விரல்தான் போச்சு. அதுவரைக்கும் வந்த சத்தம் அன்னையோட நின்னு போச்சு, நாங்க சரியாயிடுச்சு போலன்னு நினைச்சோம், டாக்டர்தான் டிஸ்க் முன்பக்கம் நழுவினபடியே மாட்டிக்கிச்சுன்னாரு. பயிற்சில சரியாகாததால மூட்டுல ரெண்டு ஊசி போட்டு ஒண்ணு வழியா சலைன் விட்டு இன்னொண்ணு வழியா வெளிய எடுத்து கழுவினாங்க, மரத்துப் போற ஊசி போட்டுதான் செஞ்சாங்க, அன்னைக்கே வீட்டுக்கு வந்துட்டாரு. வாய் நல்லா திறக்குது இப்ப.

ஈரோடு_டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சதும் பாதி பாரம் குறைஞ்சுது. மூணு விரல் போகுது டாக்டர், கடைசில கொஞ்சம் வலிக்குது. தசையைத் தளர்த்தற போட்டாக்ஸ் ஊசி, மூட்டையே மாத்தற ஆபரேஷன்னு எல்லாம் வீடியோல பார்த்து பயந்துட்டேன். அப்புறம் இன்னொண்ணு, என் மாமியாருக்கும் வாய் சரியா திறக்கல, அவங்க ரொம்ப வருஷமா வெத்தலை பாக்கு போடறாங்க, அதுவும் இதேதானா?

பல்டாக்டர்_எம்டிஎஸ்:
மேடம், மாமியாரை சீக்கிரமா கூட்டிட்டுப் போங்க. பாக்கு போடறவங்களுக்கு கன்னத்து உள்பக்கம் வெளுத்து கயிறு மாதிரி இறுகும், காரம் பட்டா எரியும், அதனாலயும் வாய் திறக்காது. அது மூட்டுப் பிரச்சினை இல்ல, சில பேருக்கு புற்றுநோயா மாறக்கூடியது. பாக்கை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க.

உங்களுக்கு மூணு விரல் போகுதுன்னா நல்ல அறிகுறி, ஆபரேஷன் பேச்சே இப்ப வேண்டாம். மூட்டை மாத்தறது எலும்பு ஒட்டிப் போனவங்க, மூட்டே தேஞ்சு அழிஞ்சவங்க மாதிரி ரொம்ப கொஞ்சம் பேருக்குத்தான். 1980கள்ல அமெரிக்காவுல டிஸ்க்கை எடுத்துட்டு டெஃப்லான் பொருள் வச்சாங்க, அது பொடிப் பொடியா உதிர்ந்து எலும்பையே அரிச்சுது, எத்தனையோ பேர் திரும்பத் திரும்ப ஆபரேஷனுக்குப் போக வேண்டியதாச்சு. போட்டாக்ஸ் தசை வலிக்கு சிலருக்கு உதவுது, ஆனா சில மாசத்துல வேகம் போயிடும், அது முதல் படி கிடையாது.

இப்போதைக்கு பரோட்டா, கரும்பு, கொட்டை வகை, சூயிங்கம் வேண்டாம், ஆப்பிள் கொய்யாவை வெட்டி சாப்பிடுங்க. கொட்டாவி வந்தா முஷ்டியை தாடைக்கு அடியில முட்டுக் குடுங்க. ஒரே பக்கமா மெல்லாதீங்க. கிளாஸ்ல கத்திப் பேசாம சின்ன மைக் வச்சுக்க முடிஞ்சா ரொம்ப நல்லது. சில வாரம் ஒழுங்கா செஞ்சும் குறையலன்னா வாய் முக சர்ஜனைப் பாருங்க, சென்னை போக முடிஞ்சா கோட்டை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருக்கற அரசு பல் மருத்துவக் கல்லூரிலயே இதுக்குப் பிரிவு இருக்கு. திடீர்னு வாய் மூட முடியாம திறந்தபடியே மாட்டிக்கிட்டாலோ, தாடை பக்கம் வீங்கி காய்ச்சல் வந்தாலோ, முகம் மரத்துப் போனாலோ மட்டும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.