லோஃப்ட் சரிவுக்கு 72.5 போர்டு: எந்த ஸ்க்ரூ, எத்தனை?

மேல்மாடி:
வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் விக்டோரியா காலத்து டெரஸ் (வரிசையாக ஒட்டிக் கட்டிய) வீடு. லோஃப்டை (கூரைக்கு அடியில் உள்ள இடத்தை) அறையாக்கும் வேலை பாதியில் நிற்கிறது. அளவெல்லாம் மி.மீயில். கைமரம் 50-க்கு 100. இடைவெளி பேருக்குத்தான் 400, அளந்தால் 370-க்கும் 430-க்கும் நடுவே ஆடுகிறது. கூரை புதிதாக வேய்ந்து பிரீதபிள் மெம்பிரேன் (நீராவியை வெளியே விடும் விரிப்பு) போட்டாச்சு. கைமரங்களுக்கு நடுவில் 75 மி.மீ பி.ஐ.ஆர் (இன்சுலேஷன் நுரைப் பலகை) வெட்டிச் செருகியாச்சு, மேலே 25 காற்றுக்கு. அடியில் 72.5 இன்சுலேட்டட் பிளாஸ்டர்போர்டு (60 நுரை, 12.5 ஜிப்சம்) அடிக்கணும். இன்சுலேஷன் கணக்கை பில்டிங் கண்ட்ரோல் (கட்டட விதிகளைச் சரிபார்ப்பவர்கள்) ஏற்றுக்கொண்டார்கள், அதில் கேள்வி இல்லை. கடைக்காரர் 90 ஸ்க்ரூ போதும் என்கிறார். பில்டர் பசை நுரை அடித்து ஒட்டி, போர்டுக்கு நாலைந்து ஸ்க்ரூ போட்டால் நிற்கும் என்கிறார். யாரை நம்புவது?

கொட்டிலடி:
ரெண்டு பேரையும் நம்பாதேங்கோ தம்பி. போர்டின்ர தடிப்பு 72.5. மரத்துக்குள்ள ஆகக் குறைஞ்சது 25 போகவேணும். கூட்டினா 97.5. 90 காணாது, 100 வாங்குங்கோ. கறுப்பு டிரைவால் ஸ்குரூதான். அதின்ர தலை அடிப்பக்கம் வளைஞ்சு விரிஞ்சிருக்கும், பேப்பரை வெட்டாம அமத்திப் பிடிக்கும். மரவேலை ஸ்குரூ போட்டா கூம்புத் தலை பேப்பரைக் கிழிச்சுக்கொண்டு உள்ள போயிடும், பிறகு போர்டைப் பிடிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. 150-க்கு ஒண்டு.

பசைக் கதையை விடுங்கோ. முழுப் போர்டு ஒண்டு கிட்டத்தட்ட 30 கிலோ, அது சரிவில உங்கட தலைக்கு மேல நிக்கப்போகுது. நெருப்புப் பிடிச்சா முதல்ல கைவிடுறது பசையும் நுரையும்தான். ஜிப்சத்தை அந்த நேரம் மேல பிடிச்சு வச்சிருக்கிறது ஸ்குரூ.

ரெண்டாம்கை:
100 கணக்கில் எனக்குத் தகராறு இல்லை. கைமர இடைவெளி இப்படி ஆடுகிற வீட்டில் இந்த போர்டையே வாங்கக்கூடாது என்பதுதான் என் கட்சி. 50 அகல மரத்தின் நடுவில் இரண்டு போர்டு சேர்கிறது என்றால் ஆளுக்கு 25. போர்டு ஓரத்திலிருந்து 12 தள்ளி ஸ்க்ரூ போட்டால், அந்த இடத்திலிருந்து மரத்தின் விளிம்புக்கு 13 தான் மிச்சம். மெஷின் 10 டிகிரி சாய்ந்தால் 72.5 தடிமனைக் கடப்பதற்குள் நுனி ஏறக்குறைய 13 நகர்ந்துவிடும். அதாவது கைமரத்தின் விளிம்பை உரசிக்கொண்டு பி.ஐ.ஆருக்குள் போகும். தலைக்கு மேல் கையைத் தூக்கி நாள் முழுக்க அடிக்கிறவனுக்கு 10 டிகிரி சாயாமல் இருக்குமா? வெறும் 12.5 போர்டில் இதே சாய்வு 2 மி.மீதான்.

மேல்மாடி, செய்யவேண்டியது இது. 60 பி.ஐ.ஆரைத் தனியாகக் கைமரத்துக்கு அடியில் கொடுங்கள். மூட்டெல்லாம் ஃபாயில் டேப். அதன்மேல் 50-க்கு 25 ரீப்பரைக் கைமரத்துக்குக் குறுக்கே 400 இடைவெளியில், 120 மி.மீ மரஸ்க்ரூவால் முடுக்குங்கள் (60, 25, மரத்துக்குள் 35). கடைசியில் சாதா 12.5 போர்டு. ரீப்பர் எங்கே வரணும் என்பது உங்கள் கையில் இருப்பதால் ஒவ்வொரு மூட்டும் மரத்தில் விழும்.

கொட்டிலடி:
கடதாசியில வடிவா இருக்கு. 25 சிலாகையில (நீங்கள் சொல்லுற ரீப்பர்) 12.5 போர்டை எதால அடிக்கப்போறியள்? 35 போட்டா மரத்துக்குள்ள 22.5 தான் போகும், நீங்களும் நானும் ஒத்துக்கொண்ட 25 இல்லை. 38 போட்டா நுனி அரை மில்லிமீட்டர் வெளியால வரும். தலை அமுங்கிறதையும் சேர்த்தா ஒண்டு, ஒண்டரை. டேப் அடிச்சு மூடின ஃபாயிலை நீங்களே குத்துறியள்.

ரெண்டாம்கை:
ஒத்துக்கிறேன், 38 ஃபாயிலைத் தொடும். மனசு கேட்காவிட்டால் தடித்த ரீப்பர் போடலாம். ஆனால் ஓட்டையை எண்ணுவோம் அண்ணே. உங்கள் முறையில் 150-க்கு ஒன்று, ஒரு முழு போர்டுக்கு அறுபதுக்கு மேல், ஒவ்வொன்றும் நுரையை முழுசாகத் துளைத்துப் போகும். என் முறையில் அதே பரப்புக்கு நுரையைத் துளைப்பது பதினெட்டு. நுரையும் ஜிப்சமும் ஒட்டியே வருகிற உங்கள் போர்டில் மூட்டு ஃபாயிலுக்கு டேப் ஒட்ட வழியே இல்லை, ஜிப்சம் மறைத்துவிடுகிறது. சீலன்ட் கோடு இழுத்துவிட்டு நம்பவேண்டியதுதான். அறைக்குள்ளிருந்து ஈரக்காற்று மேலே ஏறி மெம்பிரேன் அடியில் குளிர்ந்து நீராவது அந்த வழியாகத்தான். தவிர எஃகு பி.ஐ.ஆரைவிட இரண்டாயிரம் மடங்கு வெப்பம் கடத்தும்.

கொட்டிலடி:
ரெண்டாயிரம் மடங்கு சரி, ஆனா ஸ்குரூவின்ர நுனி வெளிக்காத்தில இல்லையே. 25 மரத்துக்குள்ள போய் நிக்குது, அதுக்கு மேல இன்னும் 75 மரம் கிடக்கு. மரம் எஃகு இல்லை. ஈரக்காத்துக் கதையை ஒத்துக்கொள்ளுறன், குளிர்க் கதையைப் பெருப்பிக்காதேங்கோ.

கைமரம் ஆடினா பக்கத்தில கட்டை அடிச்சு அகலமாக்குறது எங்கட வழமை. மூட்டு வாற மரத்துக்கு மட்டும் செய்தாக் காணும். ஸ்குரூவை நிமிர்த்திப் பிடிக்கத் தெரியாதவன் சிலாகையையும் நேரா அடிக்கமாட்டான்.

ரெண்டாம்கை:
75 பி.ஐ.ஆர் ஏற்கனவே செருகியாச்சு என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். கட்டை அடிக்க அதை ஓரம் வெட்டணும், வெட்டினால் இடுக்கு, இடுக்கில் மறுபடி நுரை அடைக்கணும்.

பனங்கிழங்கு:
நான் எலக்ட்ரீஷியன். உங்கட ஸ்குரூச் சண்டைக்குள்ள வரேல்ல, ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போறன். வயர் எங்க ஓடப்போகுது? நுரைக்குள்ள புதைச்சா வயருக்குச் சூடு தணியாது, அது தாங்கிற கரண்டைக் குறைச்சுத்தான் எடுக்கவேணும். சிலாகை இருந்தா அந்த 25 இடுக்குக்குள்ள ஓடும், 25 ஆழப் பெட்டியும் சோக்காய் இருக்கும். ஒட்டின போர்டு எண்டா சொக்கெட்டுக்கு நுரையைக் குடையவேணும். எல்லாத்தையும் மூடிப்போட்டு என்னைக் கூப்பிடாதேங்கோ, அவ்வளவுதான்.

மேல்மாடி:
போர்டு இன்னும் வாங்கவில்லை, அதனால் மாற்ற முடியும். ஆனால் ஒரு சிக்கல். படிக்கு மேலே சரிவு இறங்குகிற இடத்தில் தலையிடம், 72.5 போர்டு அடித்ததாக வைத்துக்கொண்டால் படியின் நடுவில் 1.92 மீட்டர். ரீப்பர் போட்டால் சரிவுக்குச் செங்குத்தாக 25 கூடும். கூரை 40 டிகிரி, நிமிர்ந்து அளந்தால் 33 போகும். 1.887 ஆகிறது. லோஃப்டுக்குச் சலுகையாக நடுவில் 1.9, ஓரத்தில் 1.8 வரைதான் விடுவார்கள். தடித்த ரீப்பர் என்றால் இன்னும் மோசம். இன்னொன்று, பக்கத்துச் சுவர் வெறும் செங்கல். அங்கேயாவது பசை ஓடுமா?

ரெண்டாம்கை:
படிக்கு மேலே என் முறை செல்லாது. அங்கே மட்டும் அந்த 72.5 போர்டு, ஸ்க்ரூவோடு. அந்தப் பகுதிக்கு எத்தனை கைமரம் வருகிறது? மூன்று நாலு இருக்குமா? அந்த மரங்களின் நடுக்கோட்டைத் தரையிலும் சுவரிலும் முன்கூட்டியே குறித்துவையுங்கள். போர்டு ஏறிய பிறகு தேடினால் கிடைக்காது. மற்ற சரிவெல்லாம் ரீப்பர்.

கொட்டிலடி:
சுவருக்குப் பசை ஓடும். ஆனா பசை காய்ஞ்ச பிறகு துளைச்சு, சுத்தியலால அடிக்கிற பிளக் போர்டுக்கு ரெண்டெண்டாலும் போடுங்கோ. காரணம் முதலே சொன்ன நெருப்புத்தான்.

படிக்கு மேல என்ர வழிக்கு வந்தது சந்தோசம். ஆனா ஒண்டைக் கவனியுங்கோ. ரெண்டு முறையும் சந்திக்கிற இடத்தில 25 மி.மீ ஏற்றத்தாழ்வு விழும், ஸ்கிம்மால (மெல்லிய மேற்பூச்சால) அதை மறைக்க ஏலாது. நடுச்சரிவில நிப்பாட்டாதேங்கோ. படிக்குப் பக்கச்சுவர் எழும்புற கோட்டில நிப்பாட்டினா ரெண்டு தளமும் சுவருக்கு ரெண்டு பக்கம் போயிடும், ஒருத்தருக்கும் தெரியாது. அந்தச் சுவரின்ர தலைக்கட்டையை முதல்ல கைமரத்தோட முடுக்கிப்போட்டு, பிறகு போர்டைத் தொடுங்கோ.