மறுமொழி: சலோனுக்குத் தமிழ் என்ன? (சலூன் வேணாம்!)

> 'வரவேற்பறை அரசியல்'னு போட்டா போதாதாண்ணா?

போதாது தம்பி. சலோன்னா ஒரு சீமாட்டி தன் வீட்டுல பெரிய மனுஷங்கள வழக்கமா கூட்டிவெச்சுப் பேச வைக்கிறது, அங்க நடக்குற அரசியலுக்குத்தான் தமிழ்ச் சொல் தேடுறோம். வரவேற்பறைன்னா லாட்ஜுல சாவி வாங்குற எடம்தான் ஞாபகம் வருது. சலோன்னே விட்டுடலாம்னு பாத்தா, ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் மெட்டர்னிக் முடி வெட்டிக்கப் போனாருன்னு நம்மாளுங்க நெனச்சுக்குவாங்க.

நெப்போலியன எல்பா தீவுக்கு அனுப்பிட்டு 1814 செப்டம்பர்ல ரஷ்ய ஜார், பிரஷ்ய ராஜா, குட்டி குட்டி ஜெர்மன் இளவரசருங்கன்னு எல்லாரும் வியன்னாவுல வந்து எறங்குறாங்க, மாநாடுன்னு பேருதான், மொத்தப் பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு கூட்டம்கூட நடக்கல, பெரிய நாடுங்க தனியா பேசிக்கும், மத்தவங்களுக்கு சேதி கசியுற எடம் சாயங்காலம் ஏதாவது ஒரு சீமாட்டி வீடுதான். பால்ம் மாளிகைல ஒரு பக்கம் பக்ராத்தியோன் இளவரசி, இன்னொரு பக்கம் சாகன் கோமகள் வில்ஹெல்மினா. ஜார் அந்தப் பக்கம் போவாரு, மெட்டர்னிக் இந்தப் பக்கம் (அவருக்கு இந்தம்மா மேல காதல் வேற). ஆஸ்திரிய போலீஸ் தலைவர் ஹாகர் பிரபுவோட ஆளுங்க யார் வந்தா போனான்னு எழுதி வெச்சாங்க, குப்பைக்கூடைல கெடந்த காகிதத்தக்கூட விடல.

பிரான்ஸ் சார்பா வந்த தாலிராண்டையும் பாருங்க. சொந்த மனைவிய பாரிஸ்லயே விட்டுட்டு, தம்பி மகனோட மனைவி டோரோத்தேயக் கூட்டிட்டு வந்தாரு. தோத்த நாட்டுத் தூதர் வீட்டுக்கு நாலு பேர் வரணும்னா வீட்ட நடத்தத் தெரிஞ்ச ஒருத்தி வேணுமே. அவங்க யாருன்னா அந்த சாகன் கோமகளோட கடைசித் தங்கச்சி!

அதனால வீடு, வழக்கமா கூடுறது, நடத்துற அம்மா, இந்த மூணும் சொல்லுல தெரியணும். அக்கா சொன்ன 'திண்ணை' எனக்கும் புடிக்கும், ஆனா திண்ணைல வழிப்போக்கன்கூட உக்காரலாம், இங்க அறிமுகம் இல்லாம வாசல தாண்ட முடியாது. ஐயா சொன்ன 'இல்லவை' (இல் + அவை) அழகுதான், என்ன, இல்லாததெல்லாம்னு படிச்சுடுவாங்க.

என் கட்சி 'மனையவை'. மனைக்கு வீடுன்னும் பொருள், மனைவின்னும் பொருள். அப்ப இந்த அரசியலுக்கு 'மனையவைத் தூது'.

> மனைன்னதும் ரெண்டு சென்ட் பிளாட்டுதான் கண்ணுல வருதுண்ணா, பட்டா இருக்கா?

வரும்தான், ஒத்துக்கறேன். பின்னால அவை வந்து ஒட்டினா அந்த வாடை போயிடும்னு நெனக்கிறேன். "ஜார் அன்னிக்கு ராத்திரி இளவரசியின் மனையவைக்குப் போனார்", படிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க.